நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டும் பெண்களுக்கு வரும் உரசலும் இருக்கை வலியும்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்துக்குப் பிரெவே என்று பெயர்; 200 கி.மீ. பிரெவே ஒன்றை முடிக்க 13 மணி 30 நிமிடம் தரப்படுகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் பத்து மணி நேரம் மிதித்தால், ஒவ்வொரு தொடையும் இருக்கையின் ஓரத்தை 48,000 முறை உரசிச் செல்லும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு அந்த உரசலோடு ஈரக்காற்றும் வியர்வையும், வியர்வை காய்ந்தபின் துணியில் படிந்துபோகும் உப்பும் சேர்ந்துகொள்கின்றன. தோல் புண்ணாவதில் வியப்பில்லை. ஆனால் வலியைச் சொல்லும் பெண்ணிடம் "ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. புட்டங்களின் அடியிலுள்ள உட்காரும் எலும்புகளின் மேலுள்ள சதைக்கு மட்டுமே அந்தச் சொல் ஓரளவு பொருந்தும். பிறப்புறுப்பின் மென்மையான பகுதியில் வரும் அழுத்தமும் மரத்துப்போதலும் பழகுவதில்லை. பயணத்துக்குப் பயணம் கூடிக்கொண்டே போகும்.

என் முதல் 300 கி.மீ. பயணத்தை 210-ஆம் கிலோமீட்டரில் நிறுத்தியபோது, உடன் வந்தவர்களிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். உண்மையான இடத்தைச் சொல்ல வாய் வராததால் காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டு இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே உடலுறுப்புகளின் பெயரை மறைக்காமல் எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எந்த இடத்தில் வருகிறது, எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்குகிறது, ஒரு பக்கமா இரு பக்கமா, அன்று எந்த உடை அணிந்திருந்தீர்கள். இப்போதுள்ள இருக்கை உயரத்தைக் குழாயின் மேல் ஒட்டுநாடாவால் அடையாளமிட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு ஒரே மாற்றம், அதுவும் உயரத்தில் 3 முதல் 5 மி.மீ.-க்கு மிகாமல் செய்து, குறைந்தது 40 கி.மீ. தூரம் இரண்டு முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இருக்கை, ஷார்ட்ஸ், களிம்பு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியவர்களுக்கு எது உதவியது, எது கெடுத்தது என்பது கடைசி வரை தெரியாது.

உள்தொடையிலும் தொடை இடுக்கிலும் எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல்

முதலில் கிலோமீட்டரைப் பாருங்கள். முதல் 30 கி.மீ.-க்குள் எரியத் தொடங்கினால் உடையோ இருக்கையின் வடிவமோதான் காரணம். 80 கி.மீ. வரை நன்றாக இருந்து பிறகு எரிந்தால் வியர்வையும் உப்பும் சேர்ந்திருக்கின்றன, அல்லது பூசிய களிம்பு தேய்ந்துவிட்டது. கடைசி 50 கி.மீ.-இல் மட்டும் வந்தால், களைப்பில் இடுப்பு ஆடத் தொடங்கியிருக்கிறது.

உடையில் நான் முதலில் கேட்பது, பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணிகிறீர்களா என்பதுதான். பெரும்பாலான பெண்கள் கூச்சத்தால் அணிகிறார்கள். அந்த ஷார்ட்ஸ் வெறும் தோலின் மேல் அணிவதற்காகவே தைக்கப்படுவது. உள்ளாடையின் எலாஸ்டிக்கும் தையலும் சரியாகத் தொடை மடிப்பில் விழுகின்றன. பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி அங்கேயே தேக்கிவைத்துக்கொள்கிறது. உள்ளாடையை விட்டதும் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து ஷார்ட்ஸின் அளவைப் பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது சற்று இறுக்கமாகத் தெரிவதே சரியான அளவு. நின்றால் வசதியாக இருப்பது, குனிந்து மிதிக்கும்போது மடிப்பு விழுந்து தோலைத் தேய்க்கும். ஆண்களுக்கான ஷார்ட்ஸில் பஞ்சு முன்பக்கம் வேறு வகையாக வெட்டப்பட்டிருக்கும், பின்பக்க அகலமும் போதாது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்குவதால் பயனில்லை.

உடை சரியாக இருந்தும் எரிச்சல் நிற்காவிட்டால், இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு அந்தப் பக்கம் சரிந்து எட்டிப் பிடிக்கும். அந்தச் சரிவுதான் தோலைத் தேய்க்கிறது. பின்னால் ஒருவர் ஓட்டி வந்து கைபேசியில் அரை நிமிடம் படம்பிடித்தால் இடுப்பு ஆடுவது தெளிவாகத் தெரியும். தோராயமான உயரத்தைக் கண்டுபிடிக்க, காலின் உள்பக்க நீளத்தைக் கவட்டிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 74 செ.மீ. கால் நீளத்துக்கு 65.3 செ.மீ. வரும், இரு பெடல் தண்டுகளும் வண்டிச் சட்டத்தோடு சேரும் நடு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை அந்த அளவு இருக்க வேண்டும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. குதிகாலைப் பெடலில் வைத்து அதை முழுக்கக் கீழே இறக்கும்போது முழங்கால் நேராக வந்து, இடுப்பு சரியாமல் இருந்தால் உயரம் ஏறக்குறையச் சரி.

அதன் பிறகே களிம்பு. உரசல் தடுக்கும் களிம்பைப் பஞ்சின் மேல் தடவுவதைவிட, தொடை மடிப்பிலும் இருக்கை தொடும் தோலிலும் நேரடியாகப் பூசுவது நல்லது. 80 அல்லது 100 கி.மீ.-க்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வாங்கும்போது மென்தால் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். தொடையில் குளிர்ச்சி தரும் அந்தப் பொருள் பிறப்புறுப்பின் இதழ்களில் பட்டால் நெருப்பாக எரியும். எந்தக் களிம்பையும் யோனிக்குள் செலுத்தக் கூடாது. பெட்ரோலியம் ஜெல்லி உரசலைத் தடுக்கும், ஆனால் துவைத்தாலும் பஞ்சிலிருந்து எளிதில் போகாது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான் பஞ்சில் ஊறிச் சிக்கு வாடை பிடிக்கும். இரவில் கழுவிய தோலில் தடவ அது போதும். நம் வீடுகளில் முதலில் கை போவது பவுடர் டப்பாவுக்குத்தான். வியர்வையில் பவுடர் கட்டிகட்டியாகத் திரண்டு தானே தேய்க்கத் தொடங்கிவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள். தோல் ஏற்கனவே உரிந்திருந்தால், குழந்தைகளின் அரைப்புண்ணுக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு களிம்பு நல்ல காப்பு.

முன்புறத்தில் அழுத்தம், வீக்கம், மரத்துப்போதல்

இந்த அறிகுறியை ஒருபோதும் தள்ளிப்போட வேண்டாம். மரத்துப்போகிறது என்றால் அப்பகுதிக்குச் செல்லும் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கையின் ஒடுங்கிய முன்முனையான மூக்குக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்குகின்றன என்று பொருள். உடல் எடையை உட்காரும் எலும்புகள் தாங்க வேண்டும். அந்த வேலை மென்மையான பகுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எடை எப்படி முன்னுக்கு வருகிறது என்பதே கேள்வி. ஹேண்டில்பார் இருக்கையைவிடத் தாழ்ந்திருக்கும்போது இடுப்பு முன்னோக்கிச் சாய்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 48 பெண் ஓட்டுநர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொன்னது: ஹேண்டில்பார் இருக்கையைவிடத் தாழ்வாக வைத்திருந்தவர்களுக்கு முன்பகுதியில் அழுத்தம் கூடுதலாகவும், உணர்வு குறைவாகவும் இருந்தன. ஆகவே முதல் திருத்தம் ஹேண்டில்பாரில்தான். அதை இணைக்கும் பகுதிக்கு மேலுள்ள வளையங்களில் ஒன்றிரண்டைக் கீழே மாற்றி, இருக்கையின் மட்டத்துக்கோ சற்று மேலாகவோ உயர்த்திப் பாருங்கள். கை எட்டாமல் இருக்கையில் முன்னுக்கு நகர்ந்து உட்காரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஹேண்டில்பாரை இணைக்கும் ஸ்டெம் உங்களுக்கு நீளம். ஆண்களின் உடல் அளவை மனத்தில் வைத்துச் செய்த வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. 10 அல்லது 20 மி.மீ. குட்டையான ஸ்டெம் மாட்டினால் உடல் தானாகவே பின்னுக்குப் போய் அமரும்.

இரண்டாவது திருத்தம் இருக்கையின் சாய்வு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இருக்கையின் மேல் நீளவாக்கில் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தை வையுங்கள். கைபேசியின் மட்டக்கருவியும் போதும். மூக்கு மேல்நோக்கி இருந்தால் உடனே இறக்குங்கள். மட்டமாக இருந்தும் அழுத்தம் தொடர்ந்தால் 1 அல்லது 2 பாகை மட்டும் மூக்கைத் தாழ்த்துங்கள். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் உடல் முன்னுக்கு வழுக்கும். அதைத் தடுக்க எடையெல்லாம் கையில் ஊன்றி, உள்ளங்கையும் விரல்களும் மரத்துப்போகும். கை மரத்துப்போவதும் ஓர் இருக்கைக் கோளாறாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். போட்டிகளில் இச்சாய்வுக்கு இருந்த கடுமையான வரம்பை உலக சைக்கிள் கூட்டமைப்பு 2016-இல் தளர்த்தி 9 பாகை வரை அனுமதித்தது. அதற்காக வாதாடியவர்களில் பிரிட்டன் அணியினரும் இருந்தார்கள், அவர்கள் முன்வைத்தது தம் பெண் ஓட்டுநர்களின் உடல்நலத்தை.

மூன்றாவது, இருக்கையே. நடுவில் பள்ளமோ திறப்போ உள்ளதும் மூக்கு குட்டையானதுமான இருக்கை பலருக்கு உதவுகிறது. ஆனால் திறப்பின் விளிம்பு சிலருக்கு இதழ்களைக் கவ்வி வேறொரு வலியைக் கொடுக்கும்; இதழ்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால், தோழிக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. மெத்தென்ற ஜெல் இருக்கையும் ஜெல் உறையும் கடையில் விரலால் அழுத்திப் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். பத்து கிலோமீட்டர் போவதற்கு அது போதும். நீண்ட பயணத்தில் எலும்புகள் ஜெல்லுக்குள் அமிழ, நடுப்பகுதி பிதுங்கி மேலே வந்து மென்மையான இடத்தையே அழுத்தும். என் முதல் 300 கி.மீ. தோல்விக்கு அப்படி ஓர் உறைதான் காரணம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

வீக்கம் ஓரிரு நாளில் வடியாமல், இதழின் ஒரு பக்கம் மட்டும் தடித்தே இருந்தால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். பெல்ஜியத்தில் கடுமையாகப் பயிற்சி செய்த 6 பெண்களிடம் கண்ட இத்தகைய ஒருபக்க வீக்கத்தை 2002-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், ஆண்டுக்கணக்கான அழுத்தத்தால் உண்டான வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை 2019-இல் தன் பெயரிலேயே எழுதினார். உலகத் தரத்தில் பயிற்சியும் மருத்துவரும் இருந்த ஒருவருக்கே அந்த நிலை வந்தது என்பதை எண்ணும்போது, தனியாக ஓட்டும் பெண்கள் பொறுத்துக்கொண்டே இருப்பது எனக்கு அச்சம் தருகிறது.

உட்காரும் எலும்புகளின் மேல் வலி

இரு புட்டங்களின் அடியிலும் அழுத்தினால் தென்படும் இரு எலும்பு முனைகளில் மட்டும் வலி என்றால், அது ஓரளவு நல்ல செய்தி. எடை சரியான இடத்தில் விழுகிறது. புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் குறையும். குறையாவிட்டால் இருக்கையின் அகலம் தவறு. பார்சல் பெட்டியின் நெளி அட்டைத் துண்டு ஒன்றைக் கடினமான படிக்கட்டின் மேல் வைத்து, மெல்லிய உடையுடன் அதன் மேல் அமர்ந்து, சற்று முன்னுக்குக் குனிந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இரண்டு குழிகள் தெரியும்; அவற்றின் மையத்துக்கு மையம் அளந்து, 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் வாங்க வேண்டிய இருக்கையின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுபவர்கள் கூடுதலாகவும், தாழக் குனிபவர்கள் குறைவாகவும் கூட்டிக்கொள்ளலாம். பெண்களுக்கு இந்த இடைவெளி சராசரியில் அதிகம் என்பது உண்மைதான். எனினும் ஒல்லியான உடலில் அகன்ற எலும்பும், பருத்த உடலில் குறுகிய எலும்பும் இருக்கும். ஆகையால் உடல்வாகை வைத்து முடிவு செய்யாமல் அளந்தே வாங்குங்கள்.

எல்லாம் ஒரே பக்கத்தில்

வலப்பக்கம் மட்டும் புண்ணோ கட்டியோ திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முதலில் வண்டியைப் பாருங்கள். இருக்கையின் மூக்கு சட்டக் குழாய்க்கு நேராக இருக்கிறதா, ஒருமுறை விழுந்தபோது அடிக்கம்பிகளில் ஒன்று வளைந்துவிட்டதா, பழைய இருக்கையின் ஒரு பக்கம் அமுங்கிப்போயிருக்கிறதா என்பவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வண்டியில் குறையில்லை என்றால் காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட்டுகள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் அப்பால் கால்களின் நீள வேறுபாடோ இடுப்பின் இறுக்கமோ காரணமாக இருக்கலாம். அதை இயன்முறை மருத்துவர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

கட்டிகள், சீழ்

இவற்றை வேனல் கட்டி, உடல் சூடு என்று சொல்லி மோரும் வெந்தயமும் கொடுப்பது நம் வழக்கம். மோர் உடலுக்கு நல்லதுதான், ஆனால் இந்தக் கட்டி மயிர்க்கால் அடைபட்டு, உரசலில் சிதைந்து, அதற்குள் கிருமி புகுவதால் வருவது. அப்பகுதியை மழிப்பதோ மெழுகிட்டுப் பிடுங்குவதோ இதற்குப் பெரிய காரணம். மயிர் இருந்தால் துணிக்கும் தோலுக்கும் இடையே அது ஒரு மெத்தை. மழித்தால் மெத்தை போகிறது, கூர்முனையோடு வளரும் மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரிட்டன் அணி உராய்வு குறித்த வல்லுநர்களையும் மருத்துவர்களையும் கூட்டி ஆலோசித்தபோது, ஓட்டுநர்களுக்குத் தரப்பட்ட அறிவுரைகளில் ஒன்று அங்கு மழிப்பதை நிறுத்துங்கள் என்பது. தேவையென்றால் கத்தரியால் நுனியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி வந்துவிட்டால் பிதுக்க வேண்டாம். வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பத்து நிமிடம் ஒற்றடம் கொடுத்து, அது ஆறும் வரை வண்டியைத் தொடாமல் இருங்கள். காய்ச்சல் வந்தாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கெட்டியாக நிற்கும் முடிச்சையும் காட்டிவிடுங்கள்.

அரிப்பு, வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு

இவை உரசலைப் போலத் தோன்றினாலும் உரசல் அல்ல. களிம்பும் இருக்கையும் மாற்றித் தீராது. தொடை இடுக்கில் விளிம்பு தடித்த வட்டமாகப் பரவி அரித்தால் அது படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை ஏராளம். அவை இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே பரவவிட்டு, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத நிலைக்குக் கொண்டுபோய்விடும். தோல் மருத்துவர் எழுதித் தருவதை மட்டும் பூசுங்கள். திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதலோடு உள்ளே அரிப்பு இருந்தால் அது யோனியின் பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும், அதற்கும் மருத்துவரே.

நீர்க்கடுப்பின் வேர் பெரும்பாலும் சாலையில் இருக்கிறது. கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமலும், வந்ததை அடக்கிக்கொண்டும் எட்டு மணி நேரம் ஓட்டும் பெண்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். வழியிலுள்ள பெட்ரோல் பங்குகளையும் உணவகங்களையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிவிடுங்கள். பின்பக்கம் மட்டும் இறக்கக்கூடிய, தோள்பட்டி வைத்த பிப் ஷார்ட்ஸ் இருந்தால் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னாக இருக்கட்டும். காய்ச்சலும் முதுகின் பக்கவாட்டில் வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயணம் முடிந்ததும் ஷார்ட்ஸோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கதை பேசுவதுதான் பூஞ்சைக்குப் பிடித்த அரை மணி நேரம். முதலில் உடை மாற்றுங்கள். வெறும் நீரால் வெளிப்புறத்தைக் கழுவினால் போதும். சோப்பு உட்பகுதியின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைக்கும். ஷார்ட்ஸை மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, பஞ்சு வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயவையுங்கள்.

மாதவிடாய் நாட்களில் மட்டும், அல்லது வயது கூடிய பின்

நாப்கினின் ஓரமும் இறக்கையும் தொடை மடிப்பை அறுக்கும். அதைப் பிடித்துவைக்க உள்ளாடையும் தேவைப்படுவதால் உரசல் இரட்டிப்பாகிறது. மாதவிடாய்க் குப்பி (மென்ஸ்ட்ருவல் கப்) பழகியவர்களுக்கு இந்நாட்களில் தனி உரசல் என்று எதுவும் வருவதில்லை. ஆனால் நீண்ட பயணத்தன்று அதை முதல்முறையாக முயல வேண்டாம். இரண்டு மூன்று சுழற்சிகள் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அப்பகுதித் தோல் மெலிந்து வறண்டிருக்கும். முன்பு ஒத்துவந்த இருக்கையே திடீரென வலி கொடுத்தால் காரணம் இதுவாகலாம். மருத்துவரிடம் இதற்கென்றே சிகிச்சை உண்டு.

பயணத்தின் நடுவில் தொடங்கிவிட்டால்

எரிச்சலின் முதல் குறியிலேயே இறங்கி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலரவிட்டுக் களிம்பு பூசுங்கள். "20 கி.மீ. கழித்துப் பார்க்கலாம்" என்று போனால் தோல் உரிந்திருக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்துச் சுற்று மிதித்தால் இரத்தம் ஓடும். முன்புறம் மரத்துப்போனால் ஆலன் சாவியால் மூக்கைச் சிறிதே தாழ்த்திப் பாருங்கள். இறங்கிப் பத்து நிமிடம் ஆகியும் உணர்வு திரும்பாவிட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ, அன்றைய பயணம் அங்கேயே முடிகிறது. 27 மணி நேரம் போகும் 400 கி.மீ.-இலும் 40 மணி நேரம் போகும் 600 கி.மீ.-இலும் இரண்டாவது ஷார்ட்ஸ் பையில் இருந்தே ஆக வேண்டும். இரவில் தங்கும் இடத்தில் கழற்றியது விடியும்போது ஈரமாகத்தான் இருக்கும். அதை மீண்டும் அணியாமல் வண்டியின் பின்பையின் மேல் கட்டிக் காயவிட்டு, உலர்ந்ததை அணிந்து புறப்படுங்கள்.